தங்கச் சுரங்கத்தில் ஏமாற்றிய சராசரி: கிரிகிங் ஓர் எளிய அறிமுகம்

பக்கத்து வீட்டில் போர் போட்டு இருநூறு அடியில் தண்ணீர் வந்துவிட்டதென்றால், நம் மனையிலும் ஏறக்குறைய அதே ஆழத்தில் வரும் என்று நம்புகிறோம். அடுத்த தெருவில் வந்தது என்றால் நம்பிக்கை கொஞ்சம் குறையும். பத்து கிலோமீட்டர் தள்ளி வந்த சேதியை யாரும் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. எல்லாருக்கும் தெரிந்த இந்த எண்ணத்தைக் கணக்காக மாற்றினால் கிடைப்பதுதான் கிரிகிங். பக்கத்தில் இருப்பதை எவ்வளவு நம்பலாம், எத்தனை தூரம் வரை நம்பலாம், நம்பினால் எவ்வளவு தப்பு வரும் என்ற மூன்று கேள்விக்கும் அது எண்ணில் பதில் சொல்கிறது.

மழை அளவு, காற்று மாசு, நிலத்தடி நீர் என்று நாம் பார்க்கும் வண்ண வரைபடங்களில் பல இந்த முறையில் வரைந்தவை. அளந்தது சில நூறு இடங்களில்தான். மீதி இடங்களுக்கெல்லாம் கணக்கு போட்டு நிரப்பியிருப்பார்கள். வரைபட மென்பொருளில் இது ஒரு பட்டன். நானும் முதலில் அதைப் பட்டனாகத்தான் அறிந்தேன். அழுத்தினால் அழகான படம் வரும், ஏன் வருகிறது என்று தெரியாது. இது பிறந்த கதையைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதனால் சூத்திரத்தை விட்டுவிட்டு, பூமிக்கு அடியில் இருந்த ஒரு பணப் பிரச்சினையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

டேனி கிரிகெ 1919இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 1938இல் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் பட்டம் வாங்கினார். அவருடைய பெயரிலிருந்துதான் கிரிகிங் வந்தது. உலகம் முழுக்க இதை ஆளுக்கொரு விதமாக உச்சரிக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில், Krige என்ற பெயரின் நடுவில் வரும் g தொண்டையிலிருந்து உரசி வரும் ஒலி. ‘பகல்’ என்று சொல்லும்போது நம் வாயில் மெதுவாக வரும் ‘க’வுக்கு அது பக்கத்துச் சொந்தம். இந்த விஷயத்தில் ஆங்கிலேயரைவிட நமக்கு வசதி அதிகம்.

விட்வாட்டர்ஸ்ரான்ட் என்பது ஒரு நீண்ட மேட்டு நிலத்தின் பெயர். 1886இல் அங்கே தங்கம் கண்டுபிடித்தார்கள். அதைச் சுற்றி முளைத்த ஊர்தான் ஜோகன்னஸ்பர்க். தில்லையாடி வள்ளியம்மை 1898இல் பிறந்தது அங்கேதான். உலகில் இதுவரை மனிதர்கள் வெட்டியெடுத்த தங்கத்தில் ஒரு பெரும் பங்கு இந்த ஒரு நிலப்பகுதியிலிருந்து வந்தது.

அங்கே தங்கம் கட்டியாகக் கிடைப்பதில்லை. இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான பழைய கூழாங்கல் படுகை ஒன்று, மெல்லிய தகடு மாதிரி, சரிந்து கொண்டே பல கிலோமீட்டர் ஆழத்துக்குப் போகிறது. ரீஃப் என்பார்கள். அந்தத் தகட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் தங்கம் சிதறிக் கிடக்கிறது. ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் சில கிராம் தேறும். சில இடத்தில் அதுவும் தேறாது.

சுரங்கக்காரர்கள் என்ன செய்வார்கள்? தகட்டைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் சுரங்கப்பாதை வெட்டுவார்கள். பாதையின் சுவரில் தெரியும் ரீஃபில் சில அடிக்கு ஒரு இடத்தில் உளியும் சுத்தியலும் வைத்துக் கொத்தி, அந்தச் சில்லுகளைப் பையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். கட்டத்தைச் சுற்றி எடுத்த மாதிரிகளின் சராசரிதான் அந்தக் கட்டத்தின் மதிப்பு. செலவுக்குக் கட்டுப்படியாகும் ஒரு எல்லையை அந்தச் சராசரி தாண்டினால் வெட்டுவார்கள். தாண்டாவிட்டால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த எல்லைக்கு அவர்கள் மொழியில் ‘பே லிமிட்’ என்று பெயர்.

இதில் ஒரு புதிர் இருந்தது. பணக்காரக் கட்டம் என்று மதிப்பிட்டதை வெட்டிப் பார்த்தால், சொன்ன அளவு தங்கம் வருவதில்லை. ஏழைக் கட்டம் என்று மதிப்பிட்டதை ஏதோ காரணத்துக்காக வெட்டினால், எதிர்பார்த்ததைவிடக் கூடவே வந்தது. ஒன்றிரண்டு கட்டத்தில் இப்படி நடந்தால் தற்செயல் என்று விடலாம். நூற்றுக்கணக்கான கட்டத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்தால்? மாதிரி எடுத்தவர் சரியாக எடுக்கவில்லை, ஆய்வுக்கூடத்தில் தவறு, நடுவில் யாரோ கைவைக்கிறார்கள் என்று சந்தேகப்படத் தோன்றும். ஆனால் இவை எதுவுமே ஏழைக் கட்டம் ஏன் கூடுதலாகத் தருகிறது என்பதை விளக்காது. திருடன் தங்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போக மாட்டான்.

கிரிகெ இதற்குப் புள்ளியியலில் விடை தேடினார். பட்டம் வாங்கியபின் சில ஆண்டுகள் சுரங்கத்தில், பிறகு அரசின் சுரங்கத் துறையில் என்று வேலை பார்த்துக்கொண்டே, பழைய மதிப்பீடுகளையும் வெட்டியபின் கிடைத்த உண்மை அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். 1951இல் அதையே முதுகலை ஆய்வேடாகக் கொடுத்தார்.

அவர் கண்டதைப் பள்ளிக்கூடத்தை வைத்துச் சொல்லலாம். ஒரு வகுப்பில் முதல் பரீட்சையில் மேலே வந்த பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பரீட்சையில் அந்தப் பத்துப் பேரின் சராசரி பெரும்பாலும் கொஞ்சம் இறங்கும். கடைசியில் இருந்த பத்துப் பேரின் சராசரி கொஞ்சம் ஏறும். மேலே இருந்தவர்களுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஆசிரியர் சொல்லலாம். உண்மை இன்னும் எளிது. மதிப்பெண் என்பது திறமையும் அன்றைய அதிர்ஷ்டமும் கலந்தது. முதல் பத்துக்குள் வந்தவர்களில் பலருக்கு அன்று அதிர்ஷ்டமும் துணை நின்றது. அடுத்த முறை திறமை கூடவே வரும், அதிர்ஷ்டம் வர வேண்டிய அவசியம் இல்லை. இதைப் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை வைத்துப் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் விளக்கிக் கட்டுரை எழுதியது 1886இல். விட்வாட்டர்ஸ்ரான்டில் தங்கம் கிடைத்த அதே வருஷம்! இரண்டும் சந்தித்துக்கொள்ள அறுபத்தைந்து ஆண்டு ஆனது.

சுரங்கத்தில் அதிர்ஷ்டம் என்பது உளி விழுந்த இடம். ஓரத்தில் கொத்திய சில மாதிரிகள் தற்செயலாகத் தங்கம் செறிந்த இடத்தில் விழுந்துவிட்டால், கட்டத்தின் சராசரி ஏறிவிடும். அப்படி ஏறிய கட்டங்கள்தான் ‘பணக்காரப்’ பட்டியலில் சேரும். பட்டியலே அதிர்ஷ்டத்தை வடிகட்டி எடுத்த பட்டியல். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பானைக்குள் கொதி எல்லாப் பருக்கையையும் ஒரே மாதிரி வேகவைத்ததால்தான் செல்லுபடியாகிறது. ரீஃபில் அந்த மாதிரி ஒரே சீரான கொதி கிடையாது.

சரி, என்ன செய்வது? கட்டத்தின் சொந்த மாதிரிகளை மட்டும் நம்பாமல், சுரங்கத்தின் பொதுச் சராசரியையும் கொஞ்சம் கலந்துகொள்ளச் சொன்னார் கிரிகெ. நான் இட்டுக்கட்டிய எண்களை வைத்துப் பார்ப்போம். சுரங்கம் முழுவதற்கும் சராசரி டன்னுக்கு 10 கிராம். கட்டத்தின் மாதிரிக்கு 60 சதவீதம், பொதுச் சராசரிக்கு 40 சதவீதம் எடை கொடுக்கிறோம். மாதிரிகள் 20 கிராம் என்று சொல்லும் கட்டத்தின் மதிப்பு 16 ஆக இறங்கும். 4 கிராம் என்று சொல்லும் கட்டம் 6.4 ஆக ஏறும். பே லிமிட் 6 கிராம் என்றால், பழைய முறையில் இரண்டாவது கட்டத்தைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். புதிய முறையில் அது லாபமானது. தங்கத்தை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்த கட்டங்கள் எத்தனை இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தங்கத்தின் அளவுகள் சம்பளம் மாதிரி. பெரும்பாலானவை சிறியவை, அபூர்வமாக ஒன்று மிகப் பெரிது. டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கோடீஸ்வரர் உள்ளே வந்தால் கடையின் ‘சராசரி வருமானம்’ எங்கேயோ போய்விடும் அல்லவா? இதற்கு எண்களின் மடக்கையை (லாகரிதத்தை) எடுத்துக் கணக்கு போடும் வழியை ஹெர்பர்ட் சிஷெல் என்ற புள்ளியியலாளர் 1940களிலேயே அங்கே ஆராய்ந்திருந்தார். கிரிகெயும் அதைப் பயன்படுத்தினார்.

இதுவரை சொன்னதில் ‘தூரம்’ எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பாடப்புத்தகங்கள் எல்லாப் பெருமையையும் கிரிகெ தலையிலேயே ஏற்றிவிடுகின்றன. இன்று நாம் கிரிகிங் என்று சொல்லும் முறையில் பாதிக்கு மேல் இன்னொருவர் கட்டியது. ஜார்ஜ் மாதெரோன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1950களில், அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் கனிமத் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கிரிகெயின் ஆய்வு 1955இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. மாதெரோனுக்கு அது தீப்பொறி ஆனது. இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் கூடக் கூட, அவற்றின் அளவுகள் எவ்வளவு விலகிப் போகின்றன என்று அவர் கேட்டார். 1960களின் தொடக்கத்தில் அதற்கு முழுக் கோட்பாட்டையே எழுதினார். முன்னோடிக்கு மரியாதையாக அந்த மதிப்பீட்டு முறைக்குக் ‘கிரிகாஜ்’ என்று பிரெஞ்சில் பெயர் நிலைத்தது. துறைக்கு ‘ஜியோஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்று பெயர் வந்தது. நாம் புவிப்புள்ளியியல் என்கிறோம்.

மாதெரோனின் கருவிக்கு வேரியோகிராம் என்று பெயர். பெயர்தான் மிரட்டும், கணக்கு ஐந்தாம் வகுப்பு. ஒரு பாதையில் 10 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து மாதிரி எடுத்தோம். அளவுகள் 10, 12, 14, 14, 16. பத்து மீட்டர் இடைவெளியில் நான்கு ஜோடி இருக்கின்றன. வித்தியாசங்கள் 2, 2, 0, 2. அவற்றை வர்க்கம் ஆக்கினால் 4, 4, 0, 4. சராசரி 3, அதில் பாதி 1.5. இருபது மீட்டர் இடைவெளியில் மூன்று ஜோடி. வித்தியாசங்கள் 4, 2, 2. இதே மாதிரி செய்தால் 4 வரும். முப்பது மீட்டரில் இரண்டு ஜோடிதான், விடை 8. தூரம் ஏற ஏற 1.5, 4, 8 என்று ஏறுகிறது. இதைப் படமாக வரைந்தால் அதுதான் வேரியோகிராம். (நிஜத்தில் ஐந்து மாதிரியை வைத்து யாரும் இதைச் செய்யக் கூடாது. குறைந்தது நூறு வேண்டும்.)

ஏன் பாதி? வெகுதூரம் போனபின் இந்த எண் சாதாரணப் புள்ளியியலில் வரும் மாறுபாட்டோடு, அதாவது எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவோடு, பொருந்த வேண்டும் என்பதற்காகத்தான்.

அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தால் நிலத்தின் குணம் தெரியும். கோடு ஏறிக்கொண்டே போய் ஒரு தூரத்தில் மட்டமாகும். அந்தத் தூரத்துக்கு ரேஞ்ச் என்று பெயர். அதைத் தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரரும் அந்நியரும் ஒன்றுதான், அங்கிருந்து வரும் சேதிக்கு மதிப்பில்லை. கோடு மட்டமாகும் உயரத்துக்கு ‘சில்’ (sill) என்று பெயர். மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, கோடு தொடங்கும் இடம். இடைவெளி பூஜ்யம் என்றால் வித்தியாசமும் பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்? பல நேரம் அப்படி இருக்காது. ஒரு கை தள்ளி எடுத்த இரண்டு மாதிரியே வேறு வேறு எண் தரும். ஒன்றில் தங்கத் துணுக்கு இருக்கும், மற்றதில் இருக்காது. அந்தத் துணுக்கின் பெயரையே வைத்து இதை நக்கெட் விளைவு என்கிறார்கள். அளவிடும் கருவியின் பிழையும் இதில்தான் வந்து சேரும்.

இனி கிரிகிங் எளிது. அளக்காத ஒரு இடத்தின் மதிப்பு வேண்டும். சுற்றியுள்ள மாதிரிகளுக்கு எடை கொடுத்துக் கூட்ட வேண்டும், எடைகள் சேர்ந்து 1 ஆக வேண்டும். எந்த எடைகளைக் கொடுத்தால் பிழை மிகக் குறைவாக வரும் என்பதை வேரியோகிராமை வைத்துச் சமன்பாடுகளாகத் தீர்க்கிறார்கள். கிட்ட இருப்பதற்கு எடை அதிகம், இது யாரும் ஊகிப்பது. தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து எடை போடும் பழைய முறையும் அதைத்தான் செய்கிறது. அதில் வர்க்கமா, கனமா என்பது நாமாக வைத்துக்கொள்வது. கிரிகிங்கில் தரவே அதைச் சொல்லிவிடும்.

ஆனால் கிரிகிங்கின் சாமர்த்தியம் வேறு ஒரு இடத்தில் இருக்கிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். ஒரே வீட்டில் அண்ணன், தம்பி, அண்ணி மூன்று பேரும் “தங்கமான பையன்” என்று சொன்னால், அதை மூன்று சாட்சியாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அந்த வீட்டுப் பேச்சு ஒன்றுதான். எதிர் வீட்டுப் பாட்டி தனியாகச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அந்த மூவர் பேச்சுக்குச் சமமான கனம் உண்டு. கிரிகிங்கும் இப்படியே விசாரிக்கிறது. கிழக்கே மூன்று மாதிரி கொத்தாக, மேற்கே அதே தூரத்தில் ஒன்று தனியாக இருந்தால், சாதாரணச் சராசரியில் கிழக்குக்கு முக்கால் பங்கு போய்விடும். நக்கெட் சிறியதாக இருந்தால் கிரிகிங் கிழக்குக் கொத்துக்கு ஏறத்தாழ பாதி, மேற்கில் தனியாக நிற்பதற்குப் பாதி என்று பங்கிடும்.

இன்னொன்று, மதிப்போடு சேர்த்துப் பிழையின் அளவையும் அது தரும். எங்கே மாதிரிகள் அடர்த்தியோ அங்கே பிழை குறைவு, எங்கே வெறிச்சோ அங்கே அதிகம். அடுத்த மாதிரியை எங்கே எடுக்கலாம் என்று முடிவு செய்ய இது உதவும். இந்த இரண்டாவது வரைபடத்தைப் போடாமல் முதல் வரைபடத்தை மட்டும் போடுவது, என் கருத்தில், பாதி உண்மையை மறைப்பது. அதற்காக அந்தப் பிழை எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அது மாதிரிகள் எங்கே இருக்கின்றன என்பதைத்தான் பார்க்கிறது, அவை என்ன சொல்கின்றன என்பதைப் பார்ப்பதில்லை. வேரியோகிராமைத் தப்பாக வரைந்திருந்தால் பிழையும் தப்பாகவே வரும்.

இதே யோசனை அதே காலத்தில் வேறு இடங்களிலும் முளைத்தது. ஸ்வீடனில் பெர்டில் மாத்தேர்ன் 1960இல் காட்டு மரங்களை அளப்பதற்காக இடம்சார்ந்த மாறுபாட்டை ஆராய்ந்து நூல் எழுதினார். லெனின்கிராடில் லெவ் காந்தின் 1963இல் வானிலை அளவுகளுக்கு இதே கணக்கை வேறு பெயரில் வெளியிட்டார். தங்கம், மரம், காற்று என்று மூன்று வாசல். பெயர் மட்டும் தங்கச் சுரங்கக்காரருக்குப் போனது.

அந்தச் சுரங்கக்காரர் ஆய்வேடு முடித்த கையோடு பேராசிரியராகிவிடவில்லை. 1951 முதல் முப்பது ஆண்டுகள் ஆங்லோவால் என்ற சுரங்க நிறுவனத்தில் இருந்தார். நடுவில் 1963இல் முனைவருக்கும் மேலான டி.எஸ்சி. பட்டம். 1981இல், அறுபதைத் தாண்டிய பிறகு, படித்த பல்கலைக்கழகத்திலேயே கனிமப் பொருளாதாரப் பேராசிரியராகப் போனார். பத்து ஆண்டு கற்பித்தார். 2010இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமி அவரை வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 2013இல் காலமானார். பெயர்கள் எல்லாம் மேலே நின்றவர்களுடையவை. பல கிலோமீட்டர் ஆழத்தில், அந்த வெக்கையில் பாறையை வெட்டிய கறுப்பினத் தொழிலாளர்களின் பெயர் எந்தச் சூத்திரத்திலும் இல்லை.

கடைசியாக, நக்கெட் ஏன் எனக்குப் பிடித்தது என்று சொல்கிறேன். வங்கதேசத்தில் குழாய்க்கிணற்று நீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருப்பது தெரிந்தபின், 1990களின் இறுதியில் நாடு முழுக்க 3,534 கிணறுகளில் நீர் எடுத்துச் சோதித்தார்கள். 150 மீட்டருக்குள் இருந்த ஆழம் குறைந்த கிணறுகளில் 27 சதவீதம் அந்நாட்டின் எல்லையான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அந்த எண்களைக் கிரிகிங் செய்து வரைபடமும் போட்டார்கள். தெற்கிலும் தென்கிழக்கிலும் நிறம் அடர்ந்து தெரிந்தது. அரசுக்கு எந்த மாவட்டத்தை முதலில் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தது.

ஆனால் ஆர்செனிக்குக்கு நக்கெட் பெரியது. சில பத்து மீட்டர் இடைவெளியில் ஒரு கிணறு நஞ்சாகவும் அடுத்தது நல்லதாகவும் இருந்தன. ஆழமும் மண் அடுக்கும் கொஞ்சம் மாறினாலே கதை மாறிவிடுகிறது. அடர்ந்த நிறத்துக்குள் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு, “உங்கள் கிணறு எப்படி?” என்ற கேள்விக்கு வரைபடத்தால் பதில் சொல்ல முடியாது. அதனால் கையடக்கச் சோதனைப் பெட்டியோடு வீடு வீடாகப் போனார்கள். சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, கெட்ட நீர் தந்த குழாயின் வாயில் சிவப்புச் சாயமும் நல்ல நீர் தந்ததில் பச்சைச் சாயமும் அடித்தார்கள். அதன்பின் பெண்கள் தங்கள் முற்றத்துச் சிவப்புக் குழாயை விட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பச்சைக் குழாய்க்கு நடந்தார்கள்.